ஹெர்ட்ஸை மில்லி விநாடியாகப் படிப்போம்: போட்டி விளையாட்டுக்கு மானிட்டர் தேர்ந்தெடுக்கும் முறை

விளையாட்டுக்கான மானிட்டரைத் தேடத் தொடங்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுபவை 144, 165, 240, 360 என்று பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண்கள்தாம். எண் பெரிதானால் மானிட்டர் சிறந்தது என்று அவர் புரிந்துகொள்கிறார். அந்தப் புரிதல் முற்றிலும் தவறானதும் அன்று. ஆனால் எவ்வளவு சிறந்தது, எந்த விளையாட்டுக்குச் சிறந்தது, எந்தக் கணினியோடு சேர்ந்தால் சிறந்தது என்னும் கேள்விகளுக்கு அந்த எண்ணிடம் விடை இல்லை. விடைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஹெர்ட்ஸ் என்ற சொல்லைக் கண்டவுடன் அதை மில்லி விநாடியாக மாற்றிவிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் வேகம், பிக்சல் நிறம் மாறும் வேகம், மவுஸின் தாமதம், இணைய இணைப்பின் தாமதம் ஆகிய அனைத்தையும் மில்லி விநாடியில் அளக்க முடியும் என்பதால், மானிட்டரின் எண்ணையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் ஒன்றை மற்றொன்றின் அருகில் வைத்து ஒப்பிட இயலும்.

புதுப்பிப்பு வீதம் என்பது ஒரு திரை ஒரு விநாடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதிதாக வரைகிறது என்பதன் அளவு. 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 முறை வரைகிறது. ஒரு விநாடிக்கு 1000 மில்லி விநாடிகள் என்பதால், 1000-ஐ ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால், ஒரு படம் அடுத்த படம் வரும்வரை திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது கிடைத்துவிடும். 60 ஹெர்ட்ஸில் அது 16.7 மில்லி விநாடி, 144-இல் 6.9, 240-இல் 4.2, 360-இல் 2.8, 540-இல் 1.85.

இந்த வரிசையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 60-லிருந்து 144-க்கு மாறுபவருக்கு ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 9.7 மில்லி விநாடி மிச்சமாகிறது. 144-லிருந்து 240-க்கு மாறுபவருக்கு 2.8 மட்டுமே. 240-லிருந்து 360-க்குப் போகும்போது ஹெர்ட்ஸ் கணக்கில் 120 கூடுகிறது; முதல் தாவலில் கூடியதோ 84-தான். ஆயினும் இங்கே மிச்சமாவது வெறும் 1.4 மில்லி விநாடி. 360-லிருந்து 540-க்கு ஏறினால் 180 ஹெர்ட்ஸ் கூடியும் ஒரு முழு மில்லி விநாடிகூட மிஞ்சுவதில்லை. 144 ஹெர்ட்ஸ் எல்சிடி மானிட்டர்கள் 2012 வாக்கில் வரத் தொடங்கின. 2020-இல் 360 வந்தது. 2023-இல் 500-ஐத் தாண்டிய மானிட்டர்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. பதினோரு ஆண்டுகளில் எண் ஏறக்குறைய நான்கு மடங்கானது. அதனால் கிடைத்த மொத்த மிச்சம் 5 மில்லி விநாடி. 60-ஐ விட்டு 144-க்கு வந்த அந்த ஒரே தாவல் தந்ததோ அதைப் போல இரு மடங்கு. இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் மானிட்டர் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கண்ணுக்குக் கிடைப்பது என்ன?

வேகமான திரை இரண்டு வெவ்வேறு நன்மைகளைத் தருகிறது. பலரும் இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் தனித்தனியே சொல்கிறேன்.

முதலாவது, செய்தி பழையதாகாமல் வந்து சேர்வது. எதிரி சுவரின் மறைவிலிருந்து வெளிப்படும் கணம் உங்கள் திரையின் தாளத்தைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. அது இரண்டு படங்களுக்கு நடுவே எங்கோ நிகழ்கிறது. அடுத்த படம் வரையப்படும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு சராசரியாக ஒரு படத்தின் கால அளவில் பாதி. 60 ஹெர்ட்ஸில் அது 8.3 மில்லி விநாடி, 240-இல் 2.1.

இரண்டாவது நன்மை அசைவின் தெளிவு. என் பார்வையில் அன்றாட விளையாட்டில் இதுவே பெரியது. ஓர் எதிரி 1920 பிக்சல் அகலமுள்ள திரையை இரண்டு விநாடிகளில் கடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 960 பிக்சல் வேகம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அவன் ஒவ்வொரு படத்துக்கும் 16 பிக்சல் தாவுகிறான். 240-இல் 4 பிக்சல். ஆனால் அவனைப் பின்தொடரும் உங்கள் கண் தாவுவதில்லை, வழுக்கிச் செல்கிறது. எல்சிடி (பின்னால் ஒரு விளக்கு ஒளிரும் திரை), ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) ஆகிய இரண்டுமே ஒரு படத்தை வரைந்தபின் அடுத்த படம் வரும்வரை அதை அப்படியே பிடித்துவைத்திருக்கும் திரைகள். கண் நகர்ந்துகொண்டிருக்கப் படம் மட்டும் அசையாமல் நிற்பதால், அந்த உருவம் விழித்திரையின் மீது இழுபட்டு மங்கலாகத் தெரிகிறது. மங்கலின் அகலம் ஏறத்தாழ அந்தத் தாவலின் அகலமே: 60-இல் 16 பிக்சல், 240-இல் 4 பிக்சல். தொலைவில் ஓடும் எதிரியின் தலை திரையில் பத்துப் பதினைந்து பிக்சல் அகலமே இருக்கும் சூழ்நிலையில், 16 பிக்சல் மங்கல் என்பது தலை எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாத நிலை.

பழைய குழாய் மானிட்டர்களில் விளையாடியவர்கள், தட்டைத் திரைக்கு மாறியபோது அசைவுகள் கலங்கித் தெரிந்ததை இன்றும் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது சரிதான். குழாய்த் திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் பளிச்சிட்டு உடனே அணைந்துவிடும். படம் நிற்பதில்லை என்பதால் கண்ணில் இழுபடுவதற்கும் எதுவும் இருப்பதில்லை. தட்டைத் திரைகள் அந்தத் தெளிவை மெல்ல மெல்ல மீட்டெடுக்கும் முயற்சியாகவே உயர் ஹெர்ட்ஸை நான் பார்க்கிறேன்.

மனிதக் கண்ணால் விநாடிக்கு 24 அல்லது 30 படங்களுக்கு மேல் பார்க்க முடியாது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். 24 என்பது பேசும் படங்கள் வந்த காலத்தில் திரைத்துறை நிலைநிறுத்திக்கொண்ட வேகம். கண்ணின் எல்லையை அளந்து வைத்த எண் அன்று. திரைப்படத்தில் அது உறுத்தாமல் இருப்பதற்குக் காரணம், கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் நிகழும் அசைவு முழுவதும் ஒவ்வொரு படத்திலும் மென்மையான தடமாகப் பதிந்துவிடுவதுதான். விளையாட்டில் வரையப்படும் ஒவ்வொரு படமும் கூர்மையாக உறைந்த ஒரு கணம். அத்தகைய படங்களை 24 வேகத்தில் அடுக்கினால் வெட்டி வெட்டித் தெரியும். 60-க்கும் 144-க்கும் உள்ள வேறுபாட்டை, மவுஸைப் பிடித்துத் திரையில் சுட்டியை வட்டமாகச் சுழற்றிப் பார்த்தாலே பெரும்பாலோர் கண்டுகொள்வார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒளியைக் கண்டு விரலை அழுத்த மனிதருக்கு 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறதே, அதில் 5 மில்லி விநாடி எம்மாத்திரம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் துல்லியமாகச் சுடுவது ஒரு முறை கண்டு ஒரு முறை அழுத்தும் செயல் அன்று. குறியை நகர்த்துகிறோம், அது எங்கே போகிறது என்று பார்க்கிறோம், பார்த்ததற்கேற்பக் கையைத் திருத்துகிறோம். இந்தச் சுற்று இடைவிடாமல் நடக்கிறது. படம் தாமதமாகவும் மங்கலாகவும் வந்தால் ஒவ்வொரு திருத்தமும் பழைய செய்தியின்மேல் செய்யப்படுகிறது. ஓடும் இலக்கைப் பின்தொடர்ந்து சுடும் ஆயுதங்களில் உயர் ஹெர்ட்ஸின் பயன் தெளிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அதே நேரத்தில் 240-க்கும் 360-க்கும் இடையிலுள்ள 1.4 மில்லி விநாடி, பயிற்சியின் தொடக்கத்தில் இருப்பவருடைய ஆட்டத்தின் முடிவை மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை.

படங்களைத் தயாரிப்பது மானிட்டர் அன்று

மானிட்டர் படங்களைக் காட்டுகிறது. அவற்றைத் தயாரிப்பவை கணினியின் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும். உங்கள் கணினி ஒரு விளையாட்டில் விநாடிக்கு 90 பிரேம்கள், அதாவது படங்கள், தயாரிக்கிறது என்றால், புதிய படம் 11.1 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் வருகிறது. 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் 4.2 மில்லி விநாடிக்கு ஒரு முறை தயாராக நின்றாலும், காட்டுவதற்குப் புதிதாக எதுவும் இல்லாமல் பழைய படத்தையே மீண்டும் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கணினியைப் பாருங்கள். விளையாட்டின் அமைப்புகளில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை பிரேம்கள்) எண்ணைக் காட்டும் வசதியை இயக்கி, யாரும் இல்லாத பயிற்சிக் களத்தில் அல்லாமல், புகையும் வெடியும் பல எதிரிகளும் சேர்ந்து வரும் உண்மையான ஆட்டத்தின் நடுவே அந்த எண் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 220 காட்டினாலும் மோதலின் உச்சத்தில் 130-க்கு இறங்குமானால், உங்களுக்கு அதிகம் தேவைப்படும் நொடிகளில் உங்கள் கணினி 130 ஹெர்ட்ஸ் கணினிதான்.

இங்கே புதியவர்களை ஏமாற்றும் ஒரு நுணுக்கம் உள்ளது. எஃப்பிஎஸ் குறைவாக இருந்தால் படத்தின் தரத்தைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிறோம். ஓரளவு வரை அது உண்மை. ஆனால் 200, 300 பிரேம்கள் என்ற உயரத்தில் பெரும்பாலும் தடையாக நிற்பது கிராபிக்ஸ் கார்டு அன்று, பிராசசர். வீரர்களின் இருப்பிடம், குண்டின் பாதை, ஒலி, வலையமைப்பு ஆகிய அனைத்தையும் ஒவ்வொரு பிரேமுக்கும் கணக்கிடுவது அதன் வேலை. நிழலின் தரத்தைக் குறைப்பதால் அந்த வேலை அவ்வளவாகக் குறைவதில்லை. தரத்தைக் கீழ்மட்டத்துக்கு இறக்கிய பிறகும் எண் ஏறவில்லை என்றால் பிராசசரே எல்லை என்று கொள்ளலாம். அந்த நிலையில் 360 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவது அகலமான குழாயைச் சிறிய தொட்டியில் பொருத்துவதற்கு ஒப்பாகும்.

அண்மைக் காலத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துள்ளது. இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவே செயற்கையாக ஒன்றை உருவாக்கிச் செருகும் தொழில்நுட்பத்தை 2022 முதல் சில கிராபிக்ஸ் கார்டுகள் தருகின்றன. எஃப்பிஎஸ் எண் உயரும், அசைவு மென்மையாகத் தெரியும். ஆனால் நடுவிலுள்ள படத்தை வரைய வேண்டுமானால் அடுத்த உண்மையான படம் முன்பே கையில் இருக்க வேண்டும். அதைச் சிறிது நேரம் பிடித்துவைத்துத்தான் காட்ட முடியும். உங்கள் கையின் அசைவு திரையை அடையும் தாமதம் கூடுகிறது. தனியாளாகக் கதை விளையாட்டு ஆடுபவருக்கு இது நல்ல வசதி. போட்டியில் அணைத்துவைப்பதே சரி.

விளையாட்டும் எல்லை வகுக்கும். வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்ற சுடும் விளையாட்டுகள் நூற்றுக்கணக்கான பிரேம்களை அனுமதிப்பவை. ஒருவருக்கொருவர் மோதும் சண்டை விளையாட்டுகள் பலவும் விநாடிக்கு 60 பிரேம் என்ற கணக்கின் மீதே கட்டப்பட்டவை. அங்கே ஒவ்வோர் அடியின் நேரமும் அந்த 60-ஐக் கொண்டே அளக்கப்படுகிறது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றின் உச்சம் 120 ஹெர்ட்ஸ். இவற்றுக்கென்று மட்டும் 240 ஹெர்ட்ஸ் திரை வாங்குவதில் பொருளில்லை.

கணினியின் தாளமும் திரையின் தாளமும் பொருந்தாதபோது என்ன நிகழ்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். திரை மேலிருந்து கீழாக வரிவரியாக வரையப்படுகிறது. பாதி வரைந்துகொண்டிருக்கும்போது புதிய படம் வந்து சேர்ந்தால் மேல்பாதி பழைய படமாகவும் கீழ்ப்பாதி புதிய படமாகவும் தெரியும். நடுவில் கிழிந்தது போன்ற ஒரு கோடு ஓடும். இதைத் தடுக்க முன்பு இருந்த ஒரே வழி வி-சிங்க். அது கிராபிக்ஸ் கார்டைத் திரைக்காகக் காக்கவைக்கும். கிழிசல் மறையும், தாமதம் கூடும். 2013-இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க் இந்த உறவைத் தலைகீழாக்கியது. படம் தயாரானவுடன் திரை வரையத் தொடங்கும். திரை கிராபிக்ஸ் கார்டுக்காகக் காத்திருக்கும். ஏஎம்டியின் ஃப்ரீசிங்க், டிஸ்பிளேபோர்ட் என்னும் இணைப்பு முறையின் அடாப்டிவ்-சிங்க் ஆகியவையும் அதே கருத்தைச் செயல்படுத்துபவை. 2019 முதல் என்விடியா கார்டுகளும் அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களோடு இணைந்து இயங்குவதால், எந்தக் கார்டுக்கு எந்த மானிட்டர் என்ற பழைய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இந்த வசதி இல்லாத மானிட்டரை இன்று யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். பயன்படுத்தும்போது எஃப்பிஎஸ் எண்ணை ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, 240-க்கு 235 என்பதுபோல், கட்டுப்படுத்தி வைப்பது நல்லது. எண் ஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் திரையால் அதற்கேற்ப ஓட முடியாது. கிழிசல் கோட்டைப் பொருட்படுத்தாமல், ஒத்திசைவை முழுவதுமாக அணைத்து, கணினி தரும் அத்தனை பிரேம்களையும் ஓடவிடும் தொழில்முறை வீரர்களும் உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரையில் 300 பிரேம்கள் ஓடும்போது, திரை வரையத் தொடங்கும் தருணத்தில் கையில் கிடைக்கும் படம் அவ்வளவு புதியதாக இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு.

பெட்டியில் எழுதியிருக்கும் 1 மில்லி விநாடி

மானிட்டர் விளம்பரங்களில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய எண் இதுதான். ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து மற்றொரு சாம்பல் நிறத்துக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஜிடிஜி என்பார்கள். வழக்கமாக இது மாற்றத்தின் பத்து சதவீதத்திலிருந்து தொண்ணூறு சதவீதம் வரையிலான பகுதியை மட்டும் அளக்கிறது. அதிலும் எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு என்பதைப் பொறுத்து நேரம் வெகுவாக வேறுபடும். பெட்டியில் இடம்பெறுவது பெரும்பாலும் மிகச் சிறந்த ஒரு மாற்றம். எம்பிஆர்டி என்ற பெயரில் வரும் 1 மில்லி விநாடியோ வேறு பொருளுடையது. பின்னொளியை அணைத்து அணைத்து எரியவைத்தால் ஒரு படம் எவ்வளவு நேரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதையே அது குறிக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணாக நினைத்து ஒப்பிடக் கூடாது.

மில்லி விநாடிக் கணக்கு இங்கேதான் நமக்குத் துணை நிற்கிறது. 240 ஹெர்ட்ஸ் திரையில் அடுத்த படம் 4.2 மில்லி விநாடியில் வந்துவிடும். பிக்சல் மாற 8 மில்லி விநாடி ஆகிறது என்றால், ஒரு படம் முழுமையாக உருப்பெறும் முன்பே அடுத்தது வந்து மேலே விழுகிறது. ஓடும் உருவத்தின் பின்னால் நிழல்போல ஒரு தடம் தொடரும். ஹெர்ட்ஸ் எண் 240 என்று சொன்னாலும், கண் பெறுவது அதைவிடக் கீழான தெளிவு. பிக்சல்கள் வேகமாக மாறும் நல்ல 165 ஹெர்ட்ஸ் திரை, பிக்சல்கள் திணறும் மட்டமான 240 ஹெர்ட்ஸ் திரையைவிடத் தெளிவாக இருப்பது உண்மையிலேயே நடக்கக்கூடியது.

பிக்சலை விரைவுபடுத்த மானிட்டர்கள் ஓவர்டிரைவ் என்ற உத்தியைக் கையாள்கின்றன. தேவையான அளவைவிடக் கூடுதலான மின்னழுத்தத்தைக் கொடுத்துப் பிக்சலை வேகமாகத் தள்ளுவது இதன் சாரம். அளவோடு தள்ளினால் நன்மை. அதிகமாகத் தள்ளினால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அப்போது ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய ஒளிவட்டம் தோன்றும். மானிட்டரின் பட்டியலில் மிக உயர்ந்த ஓவர்டிரைவ் நிலையில்தான் பெட்டியிலுள்ள 1 மில்லி விநாடி பெரும்பாலும் எட்டப்பட்டிருக்கும். அந்த நிலையிலேயே ஒளிவட்டமும் மோசமாக இருக்கும். பொதுவாக நடு நிலையே பார்ப்பதற்கு ஏற்றது.

பேனல் வகை, அதாவது திரைப் பலகையின் தொழில்நுட்பம், இந்த இடத்தில் முக்கியமாகிறது. டிஎன் பேனல்கள் வேகமானவை என்பதால் நெடுங்காலம் போட்டியாளர்களின் தேர்வாக இருந்தன. பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பார்த்தால் நிறம் மாறிவிடுவது அவற்றின் குறை. ஐபிஎஸ் பேனல்கள் நிறத்தில் முந்தியவை, வேகத்தில் பின்தங்கியவை என்ற பழைய எண்ணம் இன்று பொருந்தாது. வேகமான ஐபிஎஸ் பேனல்கள் 240, 360 ஹெர்ட்ஸிலும் நன்றாக ஈடுகொடுக்கின்றன. விஏ பேனல்கள் ஆழ்ந்த கருமையைத் தருபவை. ஆனால் கருமையிலிருந்து சற்று வெளிச்சமான நிறத்துக்கு மாறும்போது அவற்றில் பலவும் திணறுகின்றன. இருட்டான அறைக்குள் எதிரி நகரும்போது கரிய கறைபோல ஒரு தடம் இழுபடும். இருண்ட மூலைகளைக் கண்காணிப்பதே வேலையாக உள்ள விளையாட்டில் இது உண்மையான இடையூறு. விலக்குகள் இருந்தாலும், போட்டிக்கென்று வாங்குபவர் விஏ பேனலைத் தனியே சோதித்த மதிப்பீடுகளைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

ஓஎல்இடி இந்தக் கணக்கை மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் நிறமாற்றம் ஒரு மில்லி விநாடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. பிக்சல் தாமதத்தால் வரும் நிழல் என்ற சிக்கலே ஏறக்குறைய இல்லை. அதனால் 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி, அதே ஹெர்ட்ஸ் கொண்ட எல்சிடியைவிட வெளிப்படையாகத் தெளிவாகத் தெரியும். 2024-இல் 480 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி மானிட்டர்களும் வந்துவிட்டன. ஆனால் படத்தைப் பிடித்துவைத்திருப்பதால் கண்ணில் ஏற்படும் மங்கல் ஓஎல்இடியிலும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அதைக் குறைப்பது பெரும்பாலும் ஹெர்ட்ஸே. ஓஎல்இடியின் பாதகம், அசையாமல் நெடுநேரம் நிற்கும் உருவங்கள் காலப்போக்கில் திரையில் தடமாகப் பதியும் அபாயம். ஒரே விளையாட்டைத் தினமும் பல மணி நேரம் ஆடுபவருக்குச் சிறுவரைபடமும் மதிப்பெண் பட்டையும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். அதே திரையில் பகல் முழுவதும் அலுவல் வேலையும் பார்ப்பவருக்கு விண்டோஸின் கீழ்ப்பட்டை அசைவதே இல்லை. இவர்கள் அந்த அபாயத்தை ஏற்கும் மனத்தோடும், உத்தரவாதத்தில் அது சேர்க்கப்பட்டுள்ளதா என்று படித்துப் பார்த்தும் வாங்க வேண்டும்.

பின்னொளியை அணைத்து எரியவைக்கும் வசதியைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணம் மட்டும் ஒளியைக் காட்டி, மற்ற நேரமெல்லாம் இருளாக்கினால், குழாய்த் திரையின் தெளிவு எல்சிடியிலும் கிடைக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட மானிட்டரில் இது வியக்கத்தக்க முன்னேற்றம். ஆனால் வெளிச்சம் குறையும். பெரும்பாலான மானிட்டர்களில் மாறும் புதுப்பிப்பு வீதத்தோடு (ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போன்றவை) சேர்ந்து இயங்காது. எஃப்பிஎஸ் எண் ஹெர்ட்ஸோடு ஒத்துப்போகாவிட்டால் உருவங்கள் இரட்டையாகத் தெரியும். சிலருக்குத் தலைவலியும் வரும். உங்கள் கணினி ஹெர்ட்ஸ் எண்ணுக்குக் குறையாமல் பிரேம்களைத் தர வல்லது என்றால் மட்டும் முயன்று பாருங்கள்.

மானிட்டருக்கு வெளியே இருக்கும் மில்லி விநாடிகள்

சிக்னல் வந்த பிறகு அதைக் காட்டத் தொடங்க மானிட்டர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை இன்புட் லேக் என்கிறோம். இதைப் பிக்சல் மாறும் நேரத்தோடு குழப்பக் கூடாது. பிக்சல் மெதுவானால் படம் மங்கும். இன்புட் லேக் கூடினால் படம் தெளிவாகவே, ஆனால் தாமதமாக வரும். இது பெட்டியில் எழுதப்படுவதில்லை. விளையாட்டுக்கென்று செய்யப்படும் இன்றைய மானிட்டர்களில் இது பொதுவாக மிகக் குறைவு. தொலைக்காட்சிப் பெட்டிகளில் கேம் மோடு இயக்கப்படாவிட்டால் பல பத்து மில்லி விநாடிகள் வரை போகக்கூடும்.

மவுஸ் தன் இருப்பிடத்தைக் கணினிக்கு விநாடிக்கு 125 முறை சொல்லும் சாதாரண வகையானால், ஒவ்வொரு செய்திக்கும் இடையே 8 மில்லி விநாடி. 1000 முறை சொல்லும் வகையானால் 1 மில்லி விநாடி. வாலரண்ட்டின் சர்வர் விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது, அதாவது 7.8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. உங்கள் பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம், ஒரு கணம் 30, மறுகணம் 70 என்று அலைபாய்கிறது என்றால் அந்த 40 மில்லி விநாடிக்கு முன்னால் 240-க்கும் 360-க்கும் உள்ள 1.4 கண்ணுக்கே தெரியாது. வயர்லெஸ் இணைப்பை விட்டுக் கேபிள் இணைப்புக்கு மாறுவது, மானிட்டரை மாற்றுவதைவிடப் பெரிய முன்னேற்றமாக அமைந்தவர்கள் உண்டு. எங்கே அதிக மில்லி விநாடிகள் வீணாகின்றனவோ அங்கே முதலில் கைவைப்பதே முறை.

அளவு, தெளிவுத்திறன், கேபிள்

போட்டி வீரர்களிடையே 24 அல்லது 25 அங்குலத் திரையும் 1920க்கு 1080 பிக்சலும் நெடுங்காலமாக நிலைபெற்றிருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. திரைக்கு அருகில் உட்கார்ந்தாலும் முழுக் களமும் கண்ணைச் சுழற்றாமல் பார்வைக்குள் அடங்குகிறது, ஏறத்தாழ 20.7 இலட்சம் பிக்சல்களை மட்டுமே வரைய வேண்டியிருப்பதால் பிரேம்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. 2560க்கு 1440 என்றால் 36.9 இலட்சம் பிக்சல்கள். கிராபிக்ஸ் கார்டின் சுமை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது. 3840க்கு 2160 என்றால் 83 இலட்சம், அதாவது நான்கு மடங்கு. 27 அங்குலத் திரைக்கு 1440 மிகவும் பொருத்தம். அதே 27 அங்குலத்தில் 1080 என்றால் பிக்சல்கள் பெரிதாகி எழுத்துகளின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியும். படிப்பு, வேலை, விளையாட்டு அனைத்தையும் ஒரே திரையில் செய்பவருக்கு 27 அங்குலம், 1440, அதற்கு ஈடுகொடுக்கும் கணினி என்ற கூட்டே நான் முதலில் சொல்வது.

கேபிளைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறோம். ஆனால் அதுவே எல்லாவற்றையும் கட்டுப்படுத்திவிடக் கூடும். 1440 திரையை 240 ஹெர்ட்ஸில் இயக்க, பிக்சல் செய்திக்கு மட்டும் விநாடிக்கு 21 கிகாபிட்டுக்கு மேல் தேவை. எச்டிஎம்ஐ 2.0 பயனுள்ள செய்தியாக 14.4 கிகாபிட் வரைதான் கொண்டுசெல்லும், டிஸ்பிளேபோர்ட் 1.4 ஏறத்தாழ 25.9 வரை கொண்டுசெல்லும். ஆகவே அந்த மானிட்டரைப் பழைய எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தவர் 144-க்கு மேல் தேர்வே வராததைக் கண்டு மானிட்டர் பழுதென்று நினைக்கக்கூடும். கணினியோடு இணைக்க டிஸ்பிளேபோர்ட்டையே, மானிட்டரோடு வந்த கேபிளையே, கிராபிக்ஸ் கார்டின் துளையிலேயே பயன்படுத்துங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் டிஸ்பிளேபோர்ட் இல்லை என்பதால் அதை எச்டிஎம்ஐயில்தான் இணைக்க வேண்டும்; 3840க்கு 2160 திரையில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.1 உள்ள மானிட்டர் தேவை.

எதை வாங்குவது?

இன்னும் 60 ஹெர்ட்ஸில் விளையாடிக்கொண்டிருப்பவர், கணினி 120-க்கு மேல் பிரேம்களைத் தருமானால், வேகமான ஐபிஎஸ் பேனலும் மாறும் புதுப்பிப்பு வீதமும் கொண்ட 144 முதல் 180 ஹெர்ட்ஸ் மானிட்டரை யோசிக்காமல் வாங்கலாம். மேலே சொன்ன 9.7 மில்லி விநாடி இவருக்கே உரியது. வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்றவற்றைத் தீவிரமாக ஆடுபவர், மோதலின் நடுவிலும் கணினி 200-க்குக் கீழே இறங்காது என்பதைச் சோதித்து அறிந்திருந்தால் 240-க்குப் போகலாம். பெரும்பாலோருக்கு அது பல ஆண்டுகள் போதும். 360-உம் அதற்கு மேலும் போட்டிகளில் பெயர் பதிந்து ஆடுபவர்களுக்கு, அதுவும் வலுவான பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு. ஏற்கெனவே 144-இல் இருப்பவர் 180-க்கு மாறுவது வீண் செலவு, மிச்சம் 1.4 மில்லி விநாடி. அவர் 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி வாங்க முடியும்வரை காத்திருப்பது மேல், ஏனெனில் அப்போது படத்தின் கால அளவும் பிக்சலின் தாமதமும் ஒருசேரக் குறைகின்றன.

வாங்கிய நாளில் முதல் வேலையாக விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற வரிசையில் சென்று, புதுப்பிப்பு வீதம் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். புதிய மானிட்டர் 60-இலேயே தொடங்குவது உண்டு; பார்க்காமல் விட்டு மாதக்கணக்கில் 60-இலேயே ஆடிய பலரை நான் அறிவேன். விளையாட்டுக்குள்ளும் திரை அமைப்பில் அதே எண்ணையே தேர்ந்தெடுங்கள். பிறகு மானிட்டரின் பட்டியலில் ஓவர்டிரைவை நடு நிலையில் வைத்து, நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டில், வழக்கமாக வரும் எஃப்பிஎஸ் அளவில், வெளிச்சமான சுவரின் முன்னும் இருண்ட மூலையின் முன்னும் ஓர் உருவம் பக்கவாட்டில் ஓடுவதைக் கவனியுங்கள். உருவத்தின் பின்னால் கரிய தடம் இழுபட்டால் ஒரு நிலை கூட்டுங்கள், வெளிறிய ஒளிவட்டம் தெரிந்தால் ஒரு நிலை குறையுங்கள். எந்த நிலையிலும் இரண்டில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தால், திருப்பிக் கொடுப்பதற்கான நாட்கள் முடிவதற்குள் அந்த மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.